கல் கணக்கு

ஐந்நூறு வருடங்களுக்கு முன்பு வேம்பாரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எந்த அரசும் கேட்கவில்லை. எத்தனை கல் என்றுதான் கேட்டது. முத்துக்குளிப்பவன் காலை ஊன்றி ஆழத்துக்கு இறங்குகிற கல். கயிற்றில் கட்டிய அந்தக் கல்தான் வரியின் அலகு. கல்லுக்கு இவ்வளவு பணம் என்று போர்ச்சுகீசியர் வாங்கினார்கள், டச்சுக்காரர்களும் வாங்கினார்கள். மதுரை நாயக்கருக்கும் ராமநாதபுரம் சேதுபதிக்கும் வரியில்லாக் கற்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கும் அதில் பங்கு உண்டு. இந்தப் பேரேட்டில் ஆள் பெயர் கிடையாது. குளிக்கப் போனவனின் பெண்டாட்டி, பிள்ளை, கரையில் வலை முடிகிற கிழவர் யாரும் கிடையாது.

இந்தக் கரையின் மக்கள்தொகையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் இந்தக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது. எண்ண வந்தவன் ஒவ்வொருவனும் பங்கு கேட்க வந்தவன். எதை எண்ணினான் என்று பார்த்தால் எதில் பங்கு கேட்டான் என்று தெரிந்துவிடும்.

வேம்பார் இன்று தூத்துக்குடி மாவட்டத்தின் வடகோடி, விளாத்திகுளம் வட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடியைத் தாண்டித் தெற்கே வந்தால் ராமநாதபுரம் மாவட்டம் முடிந்து வேம்பார் வந்துவிடும். பனை, உப்பளம், கடல். கருப்பட்டி வாங்குகிறவர்களுக்கு இந்த ஊர்ப்பெயரைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. பரதவர்களின் ஏழு கடற்துறைகள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் ஓரிரு பெயர்கள் சொல்கிறவரைப் பொறுத்து மாறும். வடக்கே வேம்பாரில் தொடங்கி வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம் என்று இறங்கி மணப்பாட்டில் முடிவது மட்டும் மாறாது. அரசர்களின் வரைபடத்திலும் இது விளிம்புதான். ஒரு பக்கம் சேதுபதி சீமை, மறுபக்கம் நாயக்கர் நாடு, முதுகுக்குப் பின்னால் பாளையங்கள்.

குடியேற்றக் காலத்து எல்லைப்புறம் என்றதும் பள்ளிப்பாடத்தின் பழக்கத்தில் அமெரிக்க மேற்கோ ஆஸ்திரேலியாவோதான் கண்முன் வருகிறது. காலி நிலம் (காலி என்று வந்தவர்கள் சொல்லிக்கொண்ட நிலம்), வேலி, குதிரை, பெருகும் குடியேறிகள். அங்கே ஆள்தொகை ஏறுவதையே வளர்ச்சி என்று எழுதினார்கள். நம் கரையில் அந்தக் கதை பொருந்தாது. உடைமரமும் மணலுமாகக் கிடந்த இந்த நிலத்தின்மேல் வெள்ளைக்காரனுக்கு ஆசை எதுவும் இல்லை. எல்லை கடலுக்குள் இருந்தது. அந்தக் கடலில் இறங்க, மூச்சடக்கத் தெரிந்த ஆள் வேண்டும். லிஸ்பனிலிருந்து கப்பலில் ஏற்றிவரக்கூடிய சரக்கா அது?

பொருந்துகிற கதை வேறொன்று இருக்கிறது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய அதே 1498இல் கொலம்பஸ் தன் மூன்றாம் பயணத்தில் இன்றைய வெனிசுவேலாவின் கரையைத் தொட்டார். அங்கிருந்த பெண்கள் முத்துமாலை அணிந்திருந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை ஊகிக்கக் கஷ்டமில்லை. குபாகுவா என்ற சிறிய தீவு. குடிக்கத் தண்ணீர் கிடையாது, எதிர்க்கரையிலிருந்து பீப்பாயில் வரவேண்டும். அதில் ஸ்பானியர்கள் ஒரு நகரம் எழுப்பி நுவேவா காதிஸ் என்று பெயரிட்டார்கள். 1528இல் அதற்கு நகர அந்தஸ்தும் கிடைத்தது. கல் வீடுகள், மாதாகோயில், முத்து வியாபாரிகள். குளித்தவர்கள் அடிமைகள். பஹாமா தீவுகளிலிருந்த லூகாயர்கள் நல்ல நீச்சல்காரர்கள் என்று தெரிந்ததும் கூட்டம் கூட்டமாகப் பிடித்துவந்தார்கள். நாள் முழுக்க நீருக்குள் இறக்கினார்கள், செத்தவர்களுக்குப் பதிலாக மறுபடி பிடித்துவந்தார்கள். லாஸ் காஸாஸ் பாதிரியார் அந்தக் கொடுமையை எழுதிவைத்திருக்கிறார். சில பத்தாண்டுகளில் பஹாமா தீவுகள் ஆளற்றுப்போயின. 1530களில் சிப்பியும் தீர்ந்தது. 1541இல் அடித்த புயலோடு நகரமும் முடிந்தது. இன்று அங்கே இடிந்த சுவர்களின் அடித்தளம்தான் இருக்கிறது.

குபாகுவாவில் சிப்பி தீர்ந்துகொண்டிருந்த அதே 1530களில்தான் நம் கரையில் பரதவர்கள் போர்ச்சுகீசியரிடம் தூது போனார்கள். தூத்துக்குடியில் ஒரு தகராறு மூண்டு, அது முத்துக்கடலில் பங்காளிகளாகவும் போட்டியாளர்களாகவும் இருந்த முஸ்லிம்களோடு பெரும் மோதலாக மாறியிருந்தது. ஜோவான் த குருஸ் என்ற குதிரை வியாபாரி, தானே மதம் மாறியவர், வழி சொன்னார். பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போனார்கள். 1536, 37இல் முப்பது ஊர்களில் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்கின்றன ஆவணங்கள். 1538இல் வேதாளைக்கு அருகே நடந்த சண்டையில் போர்ச்சுகீசியக் கடற்படை, முஸ்லிம்களுக்குத் துணையாக வந்த கோழிக்கோட்டுக் கப்பல்களை முறியடித்தது. பேரத்தின் தங்கள் பக்கத்தைப் போர்ச்சுகீசியர்கள் அப்படி நிறைவேற்றினார்கள்.

அந்த 20,000 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஒருவகையில் இந்தக் கரையின் முதல் மக்கள்தொகைக் கணக்கு அதுதான். பெண்களும் குழந்தைகளும் சேர்ந்த முதல் எண். பின்னாளைய சபை வரலாறுகளில் அது ஆன்மாக்களின் அறுவடை. கோவாவின் கணக்குப்பிள்ளைக்கு அது இத்தனை கல், இத்தனை தோணி, போட்டியில்லாமல் கைக்கு வந்த ஒரு கடல். பட்டங்கட்டிகளுக்கு அது பீரங்கி வைத்த ஒரு கூட்டாளியின் விலை. மூன்றும் உண்மைதான். மதமாற்றம் நெஞ்சிலிருந்து வந்ததா, பயத்திலிருந்து வந்ததா என்று இன்றும் சிலர் வாதாடுகிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி சலித்துவிட்டது. பயத்தில் எடுத்த முடிவு ஒன்றை ஐந்நூறு வருடம் தேர் இழுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்றால் அதற்குப் பிறகும் அதைப் பயம் என்று சொல்லிக்கொண்டிருப்பதில் என்ன பொருள்?

லூகாயர்களுக்கு நடந்தது பரதவர்களுக்கு ஏன் நடக்கவில்லை? போர்ச்சுகீசியர் ஸ்பானியரைவிட நல்லவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தோணி பரதவர்களுடையது. சிப்பி விளைகிற பார் எங்கே இருக்கிறது, அந்த வருடம் சிப்பி பிடித்திருக்கிறதா, எந்தக் காற்றில் இறங்கலாம் என்ற அறிவும் அவர்களுடையது. பட்டங்கட்டிகளும், அவர்களுக்கு மேலே பாண்டியபதி என்கிற ஜாதித்தலைவனுமாக, ஊரைக் கூட்டிப் பேசுகிற ஒரு ஏற்பாடு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களால் கிளம்பிப் போய்விட முடியும்.

இந்தக் கிளம்பிப்போதல்தான் இந்தக் கரையின் மக்கள்தொகை வரலாற்றில் நான் முக்கியமாக நினைப்பது. 1544இல் வடுகர் படை கரையோரமாக இறங்கியது. விஜயநகரத்துக்கு ஆட்பட்ட அந்தக் குதிரைப்படையிடமிருந்து தப்பிக் குமரிமுனை மக்கள் பாறைகளில் பட்டினி கிடந்தபோது பிரான்சிஸ் சவேரியார் 20 தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து கிளம்பினார். காற்று விடவில்லை, நடந்தே போனார். அதே வருடம் செப்டம்பரில் தூத்துக்குடி மக்கள் எதிரே இருக்கிற தீவுகளுக்குத் தப்பி, அங்கே தண்ணீரில்லாமல் தவித்தார்கள். உடனே தோணிகளோடு போங்கள் என்று தன் துணைவர் மன்சிலாஸுக்குச் சவேரியார் எழுதிய கடிதம் இருக்கிறது. 1560இல் வைஸ்ராய் கான்ஸ்டன்டினோ மன்னாரைப் பிடித்ததும் புன்னைக்காயலின் போர்ச்சுகீசியர்களையும் பரதவர்களில் ஒரு பகுதியினரையும் கடல்தாண்டி அங்கே கொண்டுபோனார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாயக்கரின் ஆட்களோடு தகராறு முற்றியபோது, சேசுசபைப் பாதிரிமார்கள் தூத்துக்குடிப் பரதவர்களை அடுத்திருந்த முயல்தீவில் கொண்டுபோய் வைத்தார்கள். சில வருடங்களில் எல்லோரும் கரைக்குத் திரும்பிவிட்டார்கள்.

குடியானவனை அடித்து வரி வாங்கலாம், அவன் நிலத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. இங்கே ஊரையே தோணியில் ஏற்றிவிடலாம். ஊர் காலியானால் நாயக்கருக்கும் நஷ்டம், கோவாவுக்கும் நஷ்டம். இரண்டு பக்கமும் ஆளை வைத்துக்கொள்ளப் போட்டி போட்டார்கள். இந்தப் போட்டியின் இடுக்கில்தான் பரதவர்கள் பிழைத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மகிழ்ச்சியாகப் பிழைத்தார்கள் என்று சொல்லமாட்டேன். தீவுகளில் தாகத்தில் செத்தவர்களுக்கு எந்தப் பேரேட்டிலும் எண் இல்லை.

வளர்ச்சி என்று எதையாவது சொல்லவேண்டுமானால் அதுவும் இந்த இடுக்கில்தான் நடந்தது. சேசுசபையின் அண்ட்ரிக் அடிகள் புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனை தொடங்கினார். 1578இல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம். அதற்கான பணத்தைத் தந்தவர்கள் இந்தக் கரையின் பரதவர்கள். முத்துச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், கிடைத்த காசு அச்சு எழுத்தாக வார்க்கப்பட்டது. தமிழ் அச்சுக்கு மூலதனம் போட்டது அரசவையும் இல்லை, மடமும் இல்லை, மூச்சடக்கிச் சம்பாதித்த சனங்கள். நம் பாடப்புத்தகங்கள் பாதிரியார் பெயரைச் சொல்லி நிறுத்திவிடுகின்றன.

1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். டச்சுப் பாதிரியார் பால்டேயஸ் வந்து பரதவர்களைச் சீர்திருத்தச் சபைக்கு இழுக்கப் பார்த்துத் தோற்றார். இந்தக் கரை முழுக்கக் கொழும்பின் நிர்வாகத்துக்குக் கீழ் வந்தது. வேம்பாரில் இருந்தவனுக்கு மேலிடம் மதுரையா கொழும்பா என்று கேட்டால் அவன் இரண்டு திசையிலும் கைகாட்டியிருப்பான். மேலே நாயக்கர் போய் ஆற்காட்டு நவாப் வந்தார், அவரும் சலாபத்தில் பங்கு கேட்டார். இடையிடையே ஆங்கிலேயர் கைக்குப் போய்வந்த தூத்துக்குடி, 1825இல் நிரந்தரமாக அவர்களிடம் சேர்ந்தது.

ஆங்கிலேயர் கல் கணக்கை எளிமையாக்கினார்கள். வந்த சிப்பியை மூன்று கூறாக்கி இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளித்தவனுக்கு. சர்க்கார் பங்கு ஆயிரம் சிப்பி கணக்கில் ஏலம். ஆனால் சிப்பி யாருடைய நிர்வாகத்துக்கும் கட்டுப்படவில்லை. பாரில் குஞ்சுச் சிப்பி பிடித்தால் முற்ற நாலைந்து வருடம் வேண்டும். அதற்குள் சூரன் என்கிற மட்டி மூடிக் கொன்றுவிடும், திருக்கை தின்றுவிடும், நீரோட்டம் மணலைப் போர்த்திவிடும். பல சமயம் இருபது வருடத்துக்குச் சலாபமே கிடையாது. பிறகு திடீரென்று ஒரு மார்ச் மாதம் வெறும் மணலில் ஒரு நகரம் எழும்பும். ஓலைக்கொட்டகை, போலீஸ், ஆஸ்பத்திரி, கள்ளுக்கடை, வட்டிக்காரர், சுறாவைக் கட்டுவதாகச் சொல்லும் கடல்கட்டி. 1905இல் எதிர்க்கரையில், இலங்கையின் மரிச்சுக்கட்டியில், 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அந்த ஓலை நகரத்தில் நாற்பதாயிரம் பேர் வரை இருந்ததாக எழுதியிருக்கிறார்கள். மறுவருடம் அங்கே அதிகாரியாக இருந்தவர் லெனார்ட் வுல்ஃப், பின்னாளில் வர்ஜீனியா வுல்ஃபின் கணவர். ஆறேழு வாரத்தில், அல்லது காலரா வந்தால் அதற்கும் முன்பே, நகரம் கலைந்துவிடும். அழுகின சிப்பியின் நாற்றம் மட்டும் கொஞ்ச நாள் இருக்கும்.

எந்த மக்கள்தொகை அட்டவணையிலும் அந்த நகரத்துக்கு ஒரு வரி கிடைக்காது. பத்து வருடத்துக்கு ஒருமுறை, ஒரு குறிப்பிட்ட இரவில் யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று கேட்ட அந்தக் காலத்துக் கணக்கு, விவசாய நாட்டுக்காகச் செய்தது. ஆறு மாதம் கொழும்பில் கடை, ஆறு மாதம் ஊரில் என்று இருந்தவனை அது எந்த ஊரில் எழுதியிருக்கும்?

முத்துக்குப் புகழ், சங்குக்குச் சோறு. சங்குகுளிப்பு ஏறக்குறைய வருடந்தோறும் நடந்தது. நம் கடல் சங்கு டாக்கா போய் வங்காளப் பெண்களின் வளையலானது. இதைப் பற்றி யாரும் காவியம் பாடவில்லை.

வேம்பார் ஏன் கிராமமாகவே இருந்துவிட்டது, தூத்துக்குடி ஏன் நகரமானது? 1901 கணக்கில் தூத்துக்குடிக்கு 28,048 பேர். 2011இல் மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் இரண்டு லட்சத்து முப்பத்தேழாயிரத்துக்கு மேல். இயற்கை கொடுத்த துறைமுகம் என்று சொல்வார்கள். அந்தப் பதில் எனக்குச் செரிக்கவில்லை. தூத்துக்குடியில் ஆழமே இல்லை. நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டுக் கிடந்தன, சரக்கைத் தோணிதான் ஏற்றி இறக்கியது. தீவு மறைவு கொஞ்சம் உதவியிருக்கும். அதைவிடப் பெரிய காரணம், டச்சுக்காரன் தன் அலுவலகத்தை அங்கே வைத்தான், ஆங்கிலேயன் அதன்மேல் சுங்கத்தை வைத்தான். 1876இல் ரயிலும் அங்கே போனது. 1888இல் ஹார்வியின் பஞ்சாலை ரயிலைத் தேடி வந்தது. 1906இல் வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கவும் அதே ஊர்தான். கணக்கெழுதும் மேசை எங்கே போடப்பட்டதோ அங்கே ஊர் வளர்ந்தது. ஏழு துறைகளில் ஒன்று நகரமாக, மற்றவை அதற்கு ஆள் அனுப்புகிற இடங்களாக ஆயின.

ஆள் அனுப்பியது தூத்துக்குடிக்கு மட்டுமில்லை. இலங்கையில் காப்பித் தோட்டமும் பிறகு தேயிலைத் தோட்டமும் வந்தபோது திருநெல்வேலிச் சீமையின் வறண்ட ஊர்களிலிருந்து லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். 1876 தொடங்கிய பஞ்சம் கூட்டத்தை இன்னும் தள்ளியது. தட்டப்பாறையில் ஒரு முகாம் வைத்து, நோய் உண்டா என்று பார்த்துத்தான் ஏற்றினார்கள். தோட்டத்துக்குப் போனவன் கூலி, கங்காணியின் கடனில் தலை. கரையிலிருந்து போன பரதவர்கள் வேறுமாதிரி. தோணியோடும் சரக்கோடும் போய்க் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மன்னாரிலும் கடைவைத்தார்கள். இலங்கை மக்கள்தொகைக் கணக்கு அவர்களை இன்று பரதர் என்று தனி இனமாகவே எழுதுகிறது. 1964 ஒப்பந்தத்தில் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் தோட்டத் தமிழர்களை ஐந்தேகால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இலங்கைக்கு, ஒன்றரை லட்சம் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். கல் கணக்கு எழுதியவன்கூட அவ்வளவு முழு எண்களில் ஆட்களைப் பிரித்ததில்லை.

நம் கரையில் முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1955 முதல் 1961 வரை. அதற்குப் பிறகு பார்கள் மீளவில்லை. 1973இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி அழகர்சாமி குழுவினர் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். அந்த முத்துக்கு மூச்சடக்கும் ஆள் அவ்வளவாகத் தேவையில்லை. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவாயின. வேம்பாருக்கு எதிரே இருக்கிற நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புழுவினிச்சல்லி மூன்றும் வேம்பார்த் தொகுதி என்று அதில் அடக்கம். பவளப்பாறையைக் காப்பாற்றத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. பவளத்தை வெட்டிச் சுண்ணாம்பு சுட்டுத் தீவுகளைக் கரைத்தவர்களில் கரைக்காரர்களும் உண்டு. என்றாலும், வடுகருக்குப் பயந்து ஓடிவந்தவர்களுக்குப் புகலாக இருந்த தீவுகளில் இன்று அனுமதியில்லாமல் கால்வைத்தால் அபராதம் என்பது இந்த வரலாற்றின் ஒரு வேடிக்கையான வரி.

இப்போது கணக்கு வேறு பட்டியலில் ஓடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்தக் காலத்துக்கு நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். வாங்கப் பதிவு வேண்டும், வங்கிக்கணக்கு வேண்டும். மானிய டீசலுக்குப் படகின் பதிவெண் வேண்டும். கல் போய்ப் படகு வந்திருக்கிறது. வலை பின்னுகிற பெண்ணும் கருவாடு காயப்போடுகிற பெண்ணும் இந்தப் பட்டியலுக்குள் வரப் படுகிற பாடு பழைய பேரேட்டை ஞாபகப்படுத்துகிறது.

1931க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதிகளையும் கேட்கப்போகிற கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஐக் குறிநாளாக வைத்திருக்கிறார்கள். சலாபம் நடந்த காலத்தில் தோணிகள் ஆயத்தமாகும் பருவம் அது. பரவன் என்ற பெயர் குமரி மாவட்டத்தில் பட்டியல் சாதி வரிசையில் இருக்கிறது, அதே பெயருக்கு வேம்பாரில் அந்த இடம் இல்லை. கிறிஸ்தவராக இருந்தால் குமரியிலும் இல்லை. 1530களில் கொச்சியில் முடித்த பேரம் இன்றைக்கும் ஒரு கட்டத்தில் டிக் அடிப்பதைத் தீர்மானிக்கிறது. முன்பு எண்ண வருகிறவனைக் கண்டால் தோணியை அவிழ்த்தார்கள். இந்த முறை கைப்பேசியோடு வருகிற வாத்தியாரை உட்காரவைத்து, கப்பலில் வேலைக்குப் போயிருக்கிற மகனையும் சேர்த்து எழுதச் சொல்வார்கள். வழக்கமாக வீட்டில் இருப்பவர்களைத்தான் எழுதமுடியும் என்று அவர் விதியைச் சொல்வார். எட்டு மாதம் கடலில் இருக்கிறவனுக்கு வழக்கமான இடம் எது என்று வாசலில் ஒரு விவாதம் நடக்கும்.